பழையபடி

மின்னாம்பள்ளியில் இறங்கும்போதே
புளித்த கிழங்கு வாசம்.
சேகோ ஆலை வாசலிலிருந்து மெயின்ரோடு வரை
பதினொரு லாரிகள்.
"மெக்கானிக் வரலியா பாப்பா?" என்றார் ஒரு டிரைவர்.
பையைத் திறந்து ஸ்குரூடிரைவரைக் காட்டினேன்.
"சீக்கிரம் பாரு கண்ணு,
நிக்க நிக்கக் கிழங்குல பாயிண்ட் எறங்குது."

எடைமேடை அறையில் குழந்தைவேலு
கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தார்,
இன்னும் அருள் வராத பூசாரியைப் பார்ப்பதுபோல.
வெளியே எண் காட்டும் சிவப்புப் பலகை
எரிந்துபோய் ஒரு வருஷம்.
யார் வண்டி எத்தனை கிலோ என்று
இந்த ஒரு பெட்டிதான் சொல்லியாக வேண்டும்.

மூடியைக் கழற்றினால் மாவு.
விசிறியில் மாவு, மதர்போர்டில் மாவு,
ராம் செருகும் பள்ளத்தில்
பதினாறு வருஷத்து ஸ்டார்ச்.
வழித்தெடுத்தால் இரண்டு அப்பளத்துக்கு வரும்.

ராமை உருவி
பில் மேசையிலிருந்த ரப்பரால்
அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
எட்டணா அளவு பேட்டரி செத்திருந்தது; மாற்றினேன்.
ஒற்றை பீப்.
ஒற்றை என்றால் நலம்.
இரண்டு, மூன்று என்றால் மதியச் சோறு கிடையாது.

எக்ஸ்பி எழுந்தது.
மூன்று நீலக் கட்டங்கள் ஓடின, ஓடின,
ஒரு டீ ஆறும்வரை ஓடின.
பிறகு அந்தப் பச்சைக் குன்று,
ஒரு தூசியும் இல்லாத வானம்.
ஜன்னலில் சேர்வராயன் மலை
மழைக்கு முந்திய சாம்பல் நிறத்தில்
எனக்கும் அதற்கும் பேச்சு இல்லை என்பதுபோல் நின்றது.

தேதி: 2002, ஜனவரி ஒன்று.
அன்றைக்கு நான் இரண்டாம் வகுப்பு.
எடை மென்பொருள் கதவைத் திறக்கவில்லை,
அதன் உரிமக் காலமே இன்னும் பிறக்கவில்லையாம்.
இருபத்து சொச்சம் வருஷத்தை
அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.
திறந்தது.
எண் வரவில்லை.
போர்ட் ஒன்றா, இரண்டா,
வேகம் ஒன்பதாயிரத்து அறுநூறா, அதில் பாதியா;
கம்பியை ஆட்டிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன்.
கடைசியில் அமைப்புக் கோப்பைப்
பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு
இங்கிருந்ததை அழித்தேன்.
பெட்டி புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டது.

பெரியண்ணன் வண்டி ஏறியது, கல்ராயன் மலைக் கிழங்கு.
எண் நடுங்கி நடுங்கி நின்றது:
பதினான்காயிரத்து முந்நூற்று இருபது.

அவர் சட்டைப் பையிலிருந்து
பேளூர் எடைமேடைச் சீட்டை எடுத்தார்.
பதினான்காயிரத்து முந்நூற்று இருபது.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஏனுங்க, எப்பவும் வழியில
ஈரம் காஞ்சிரும்னு சொல்லுவீங்களே,
இன்னிக்குக் காயலீங்களா?"

குழந்தைவேலு ரப்பர் துகள்களைக்
கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.
கூட்ட அவ்வளவு துகள் இல்லை.

பென் டிரைவைத் திறந்தேன்.
பழைய கோப்பில் கடைசிக்கு முந்தின வரி:
பத்தாயிரத்துக்கு மேல் போனால்
அறுபது கழி.

முதலாளி அர்த்தநாரி
வாசலில் செருப்பை விடாமலே கேட்டார்,
"எல்லாம் பழையபடி ஆயிருச்சாம்மா?"
பழைய பைல் கெட்டுப்போச்சுங்க, என்றேன்,
இனி எடுக்க முடியாதுங்க.
பெட்டியைப் பார்த்தார், குழந்தைவேலுவைப் பார்த்தார்,
என் பையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.
அஞ்சு ரோட்டில் ஆட்களுக்கா பஞ்சம்?
நாளைக்கே ஒருவன் வருவான்,
அந்த வரியை அரை நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பான்.
இன்றைக்குப் பத்து லாரி பாக்கி.
அடுத்த வண்டி அதற்குள் மேடை ஏறிவிட்டது.

கூலி எண்ணூறு என்றேன்.
மடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.
அயோத்தியாபட்டணம் தாண்டும்போது
டிக்கெட்டுக்காகப் பிரித்து எண்ணினேன்.
எழுநூற்று நாற்பது.

வழியில் காய்ந்திருக்கும்.