கீழ் எல்லை

லிங்பியில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
சிட்செல் பலகையில் 'அரை' என்று எழுதுகிறாள்.
எல்லா பிட்டும் அங்கிருந்துதான் கிளம்பும்,
பூவா தலையா என்று.

இரண்டு மாதிரி எடு.
வென்றதன் பக்கம் மயிரிழை நகர்.
அவ்வளவுதான் அதன் படிப்பு.

தேர்வு இன்னும் கவனிக்காத பிட் ஒன்று
யாரும் தள்ளாமலே
சரிந்து சரிந்து
பூஜ்யத்தருகே போய்விடுகிறது.
'சறுக்கல்', அடிக்கோடிடுகிறாள்.

ஓர்ஹுஸில் தம்பி.
சண்டையெல்லாம் இல்லை.
ஒரு ஞாயிறு பேசவில்லை,
அடுத்த ஞாயிறும்.

அதனால்தான் எல்லையைப் பூஜ்யத்தில் வைப்பதில்லை;
ஆயிரத்தில் ஒன்றில் முட்டுக்கொடுக்கிறோம்.
மீண்டுவரத் தாமதமாகும்.
எவ்வளவு என்பதுதான் தேற்றம்.

நிறுவல் நான்காம் வரியில் நிற்கிறது.
சாக்பீஸ் கையோடு
கைப்பேசியை எடுத்து அழைக்கிறாள்.
மணி போகிறது.
பழக்கதோஷம்,
எண்ணிக்கொண்டிருக்கிறாள்.