ஓட்டப் பதிவேடு

செவ்வாய், பின்னேரம் நாலு பத்து.
கோட்டை வாசலில் மான் குறுக்கே.
எஞ்சின் அணைப்பு, மூன்று நிமிடம்.
இப்படித்தான் எழுதியிருக்கிறேன்,
நீல மையில், என் கையெழுத்தோடு.

எழுதாதது,
அந்த மூன்று நிமிட அமைதியில்
பின்னிருக்கையில் பணிப்பாளர்
கொழும்புத் தரகருக்குச் சொன்னது:
"இழுவைக்கப்பல் ஒப்பந்தம் போயிட்டுது.
வெள்ளி பின்னேரம்தான் அறிவிப்பு.
நாளைக்குள்ள என்ரை எல்லாத்தையும் தள்ளும்.
மனிசியின்ரை பேரிலை கிடக்கிறதையும்."

மான்
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றபடி
எங்கள் இருவரையும் பார்த்தது.

திங்கள் காலை
நாற்பத்தொரு ரூபாய்ப் பங்கு ஒன்பதுக்கு வந்தது.
பாலையூற்றில் ஞானேஸ்வரி மச்சாளிடம்
சீட்டுக் காசில் வாங்கிய ஆறாயிரம் பங்கு.
நல்ல கம்பனி என்று
வாங்கச் சொன்னவன் நான்.

ஆணைக்குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
உப்புவெளியில் கடல் பார்த்த அறை,
இரவில் இறால் பொரியல்.
பில்லைக் கட்டியது எங்கள் கம்பனி
(அந்த ஓட்டமும் பதிவேட்டில் உண்டு).
என்னிடம் ஒரே கேள்வி:
ஏதும் காதில் விழுந்ததா?
"ஏசி சத்தம், சேர்."
தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.
பதிவேட்டைக் கேட்கவில்லை.
ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது,
போதிய சான்றில்லை.
பணிப்பாளர் அன்று எனக்கு
ஐயாயிரம் தந்தார், பெருநாளும் இல்லை ஒன்றும் இல்லை.

மச்சாளும் கேட்டாள்,
சூரை வெட்டிக்கொண்டு, நிமிராமல்:
"நீங்கள்தானே அவரை ஏத்தி இறக்கிறது.
ஒண்டுமே கேக்கேல்லையோ?"
அவளுக்கும் அதையே சொன்னேன்.

எஞ்சின் நின்றால்
ஏசியும் நிற்கும்.