முன்னால் போகிற வண்டி

ஊத்துக்குளி தாண்டியதும்
கம்பெனி பஸ்ஸில் ஆட்டம் தொடங்கும்.
முன்னால் போகிற வண்டியின் நம்பரில்
என்ன இரண்டு எழுத்தோ
அவை அதே வரிசையில் வரணும்.
இங்கிலீஷ் வார்த்தை, நீளமாக.
பந்தயம் ஒரு கடலை மிட்டாய்.

நான் எம்.ஏ. இங்கிலீஷ், ஆபீஸ் செக்‌ஷன்.
கோகிலவாணி
அதே பாடத்தில் பத்தாவது போனவள்,
செக்கிங் டேபிள்.

சி, ஆர் என்று ஒரு கோழி வண்டி.
'சர்க்கஸ்' என்றேன்.
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு
'டிஸ்கலரேஷன். பதிமூணுங்கக்கா.'
சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடித்த பனியனுக்கெல்லாம்
அதைத்தான் எழுதி ஒட்டுகிறாளாம்,
நாளைக்கு நூறு தரம்.
நான் படித்த கவிதைகளில்
எல்லாம் குட்டி வார்த்தைகள்:
லவ், ஸீ, டெத்.

இன்றைக்குக் கூலிபாளையம் நால்ரோட்டில்
ஒரு ரிக் லாரி. டி, சி.
'எஜுகேஷன். ஒன்பது' என்றேன்,
கொஞ்சம் கர்வமாகவே.
அவள் பெருவிரல்
மற்ற நாலு விரலின் கணுக்களையும்
ஒன்று விடாமல் தொட்டு முடித்தது.
'டிஸ்கன்டின்யூட். பன்னெண்டு.
எடுங்க மிட்டாயை.'

அவள் லைனில் ஓடுகிற ஸ்டைலைப் பற்றி
சனிக்கிழமை பையர் போட்ட மெயில்.
பிரிண்ட் எடுத்து
போர்டில் ஒட்டியது நான்தான்.

லாரி ஈரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.
எங்கேயாவது ஓர் எழுத்து குறையாதா என்று
நானும் ஒரு தரம்
எண்ணிப் பார்த்தேன்.