தாய்ப்பூச்சிச் சோதனை

தருமபுரி பட்டுமுட்டை வித்தகத்தில் எனக்கு வேலை
முட்டையிட்டு முடித்த பூச்சியைக்
கல்வத்தில் இட்டு அரைத்து
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
நோய் இருக்கிறதா என்று பார்ப்பது.
அறுநூறு மடங்கு பெருக்கத்தில்
அரிசிமணி போல ஏதாவது மின்னினால்
அதன் முட்டை அத்தனையும் தீக்கு.

பெண் பூச்சியை மட்டும்தான்.
ஆண் பூச்சியை யாரும் அரைப்பதில்லை.
காலையில் கூடிக் களைத்தவற்றைப் பிரித்துத்
தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைப்போம்,
மறுநாளுக்கும் ஆகும் என்று.
பதினோரு வருடமாக இதில் எனக்கு
ஒன்றும் தோன்றியதில்லை.

நிரோஷாவை நான்கு வருடம் பார்த்தார்கள்.
சேலத்தில் குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுத்த அன்று
தொப்பூர் கணவாய் ஏறி முடியும்வரை
முன்சீட்டுக் கம்பியை விடவில்லை அவள்.
அம்மா அரைத்துக் கொடுத்த மலைவேம்பு.
தீர்த்தமலையில் கட்டிய மரத்தொட்டில்.
ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் மூன்று முழுக்கு.
வெறும் வயிற்றில், ஈரத்துணியில், வரிசையில்
எல்லாவற்றிலும் அவள்.
நான் பைக்கை நிறுத்திவிட்டு
டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் புது டாக்டர் என் பக்கம் திரும்பி
"இவரைப் பாத்தாச்சா?" என்றார்.

நாலு ரோடு பக்கம் மாடியில் ஒரு லேப்.
மூடி போட்ட டப்பா, தாழ்ப்பாள் சரியில்லாத அறை,
வெளியே யாரோ டோக்கன் எண் கூவுகிறார்கள்.
மாதேசன், வயது முப்பத்து மூன்று.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண்
கண்ணை இடுக்கி, திருகைத் திருகி
என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அந்தத் திருகு எனக்குத் தெரியும்.
தெளிவாகத் தெரிந்த பிறகும்
நம்பாமல் இன்னொரு முறை திருகுவோமே, அது.

ஒரு மில்லியில் இரண்டு லட்சம் என்றிருந்தது தாளில்.
இரண்டு லட்சம்!
சீட்டு விழுந்தவன் போல நிமிர்ந்தேன்.
ஒன்றரைக் கோடியாவது வேணும்ங்க என்றார் டாக்டர்.

"பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?"

வந்தது. பதினேழில்.
ஐடிஐ முதல் வருடம்.
தாடை இரண்டும் பணியாரமாய் உப்ப,
பொன் பட்டால் வடியும் என்று
பெரியம்மா தன் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.
இரண்டரைப் பவுன்.
நான்காம் நாள் கழுத்து வடிந்தது,
செயினைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
அன்றிரவு வீக்கம் கீழே இறங்கியதை
யாரிடம் சொல்வது?
காய்ச்சலில் பல் கிட்டிக்க
காலை அகட்டிப் போர்வைக்குள் ஆறு நாள்.
சைக்கிள் பார் இடித்துவிட்டது என்றேன்.
அந்த இடத்துக்குப் போடப் பொன் இல்லை,
சொல்ல ஒரு பேரும் இல்லை எங்கள் வீட்டில்.

"சிலருக்கு அந்த வைரஸ் இப்படிப் பண்ணிடும்.
மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பார்ப்போம்.
நல்லதா ஒன்னு கிடைச்சாலும்
ஊசியில எடுத்துச் சேர்க்க வழியிருக்கு. செலவாகும்."

வித்தகத்துக்காரனுக்கு விந்தில் குறை.
டீக்கடையில் தெரிந்தால்
ஒரு வருடத்துக்கு ஓடும் இது.

நிரோஷா தாளை இரண்டு முறை படித்தாள்.
அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.
"அப்ப ரொம்ப வலிச்சுதா?"
வலித்தது என்றேன்.
பதினாறு வருடத்தில் முதல் தடவை.
"எனக்கும்தான் வலிச்சுது," என்றவள்
என் போனை எடுத்து
அம்மா நம்பரைத் தொட்டு
ஸ்பீக்கரில் போட்டு
முறுக்கு டப்பாவில் சாய்த்து வைத்தாள்.
"சொல்லு. நான் கேக்கணும்."

பாப்பாரப்பட்டியில் மணி அடித்தது.
பின்னால் மாடு கத்த, எடுத்ததும் அம்மா:
"ஏம்ப்பா, மலைவேம்பு தீந்துருச்சா?
செவ்வாக்கெழம பறிச்சு அனுப்பறேன்,
அவள வெறும் வயித்துல…"

அம்மா, இரு, என்றேன்.
நிரோஷா சத்தத்தைக் கூட்டினாள்.