பதினோரு நாள்

சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரி,
என் பெயரை விடச் சின்ன எழுத்தில்.
நூற்றுக்குப் பதினைந்து பிடித்தம்.
நான் கையெழுத்துப் போடவில்லை,
யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் திரும்பி வரவேண்டிய வரிப்பணத்தையும்
வழியிலேயே மறித்துக்கொண்டார்கள்.
அந்தப் பணத்தில் நான்கு டயர் வாங்கி
மனதுக்குள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரவெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
போர்வை மடித்துவிட்டு, தூங்காமல்,
கேரி நகரின் பிராட்வேயில்
மூடிய வங்கிக்கு மேலே மாடியேறினேன்.
இலவசச் சட்ட உதவி. மிலிகா என்று ஒரு பெண்,
ஜலதோஷத்தோடு.
"வழிகள் இருக்கு, வெர்னீட்டா" என்றாள்.
அந்தப் பன்மை எனக்குப் பிடித்திருந்தது.

உடம்பு நிரந்தரமாக முடியாமல் போயிருந்தால் ஒரு வழி.
முதுகைச் சொன்னேன். இந்த வலி போதாதாம்.
திவால் நீதிமன்றம் ஒன்று:
என் கஷ்டம் கஷ்டம்தானா என்று
ஒரு நீதிபதி எடைபோட வேண்டும்.
"படிச்ச காலேஜ் மூடிட்டாங்களா?"
மூடிட்டாங்க! என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.
ரத்தம் எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொன்ன இடம்,
இப்போது கார்ப்பெட் கடை.

மிலிகா தேதிகளை விரல்விட்டு எண்ணினாள்.
மூடுவதற்கு முந்தைய நூற்றிருபது நாளுக்குள்
விலகியிருக்க வேண்டும், என் காலத்துக் கடனுக்கு.
நான் நூற்று முப்பத்தொன்றாம் நாளே
விலகியவள்.

ஊசி தீர்ந்துபோன வாரம்
ஆரஞ்சுப் பழத்தைப் பென்சிலால் குத்திப் பழகச் சொன்னார்கள்.
பிறகு பழமும் தீர்ந்தது.
வாத்தியார் வருவது நின்றது.
இது ஏமாற்று வேலை என்று
வகுப்பிலேயே முதலில் புரிந்துகொண்டவள் நான்.
கடைசி வரிசை டார்னெல் கிரப்ஸ்
கதவில் பூட்டு விழும்வரை தூங்கினான்.
அவன் கடன் மொத்தமும் தள்ளுபடி.
இன்னும் பதினோரு நாள்
முட்டாளாக இருந்திருக்கலாம்.

ஏமாந்தேன் என்று மனு போட்டோம்.
அது எங்கோ ஒரு மேஜையில் கிடக்கட்டும்.
மிச்சமிருந்தது ஒன்று, வாழ்நாளில் ஒருமுறை என்று சொல்லித் தந்தது:
பத்து மாதத்தில் ஒன்பது தவணை.
இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில்
தவணைக்கு ஐந்து டாலர்.

பத்தொன்பதாயிரத்துக்கு எதிரே ஐந்து.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சிரித்தேன்.
ஆனால் இந்த யானைக்குப் பசியில்லை.
பொரி நேரத்துக்கு வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது.

ஜூலையில் தவறவிட்டேன்.
காரின் கியர்பெட்டி எல்லாவற்றையும் விழுங்கியது.
பத்தில் ஒன்று தவறலாம் என்று
விதி எழுதியவனிடமும்
ஒரு பழைய கார் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது தவணைக்குப் பின் அந்தச் சின்ன எழுத்து
சீட்டிலிருந்து போயிற்று.
ஒன்பதாவதோடு, 'கடன் தவறியவள்' என்ற பெயர் போயிற்று.
கடன் போகவில்லை.
அது இப்போது மரியாதையாகக் கடிதம் எழுதுகிறது.

முழுச் சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை
அந்தக் கார்ப்பெட் கடைக்குப் போனேன்.
நான் உட்கார்ந்த இடத்தில் சுருட்டிய நீலம்.
ஒரு வெட்டுத்துண்டு கேட்டேன், மூன்றுக்கு ஐந்தடி.
கடைப் பையன் சட்டைக்கையை மடித்துக்கொண்டே
"ஆறு மாசத் தவணை, வட்டியே இல்லை" என்றான்.

அவன் முழங்கை மடிப்பில்
தடித்த, நேரான, அருமையான நரம்பு.
ஒரே குத்தில் எடுத்துவிடலாம்,
யாராவது கற்றுக்கொடுத்திருந்தால்.