பின்னோக்கி

வால்ட்ஸில் பெண் பின்னோக்கித்தான் போகவேண்டும்.
முதுகுதான் முதலில் போய்ச் சேரும்.
டர்பன் கடைக்காரிக்கு இது புரியவில்லை,
கழுத்து வேலைப்பாட்டையே காட்டிக்கொண்டிருந்தாள்.

பச்சை கவுன்
நான் நின்றபிறகும் ஒரு நொடி தானாகச் சுற்றுகிறது.
சமையலறையில் ஆடிப் பார்த்ததில்
மிளகாய்த்தூள் டப்பா கவிழ்ந்தது.

கறுப்பு ஜார்ஜெட் எதையும் மறைக்கும்.

சாம்பல் சாட்டின்தான் சங்கடம்.
சகரனுக்கு உள்ளங்கை வியர்க்கும்,
நாளெல்லாம் பஸ் ஸ்டீயரிங் பிடித்த கை.
தோள்பட்டைக்குக் கீழே
நாலு விரலும் அப்படியே பதியும்.
சாட்ஸ்வொர்த் ஹாலில் வெள்ளை விளக்கு வேறு,
மேசைக்கு மேசை தெரியும்.
செத்துப்போனவரின் தங்கை மோகாம்பாள்
எப்போதும் முன்வரிசையில்.

ஆறே முக்கால்.
கேட்டுக்கு வெளியே ஹார்ன்.
கறுப்பை எடுத்தேன்.
மாட்டிவிட்டேன்,
அலமாரிக்குள்.

சாட்டின் ஜிப் பாதியில் நிற்கிறது.
மீதிக்கு என் கை எட்டாது.