திறக்காத சாலையில் வண்டி பழகுதல்

நாலுவழிச் சாலையை இன்னும் திறக்கவில்லை.
தக்கலை தாண்டி ஒரு துண்டு மட்டும்
தார் போட்டு, வெள்ளைக்கோடு இழுத்து,
பச்சைப் பலகையும் நட்டாயிற்று:
திருவனந்தபுரம் 48.
பலகைக்கு அந்தப் பக்கம்
கால்வாய்ப் பாலம் அந்தரத்தில் நிற்கிறது,
நிரப்ப மண் கிடைக்காமல்.

காலை நாலு மணிக்கு
ரீத்தாளின் ஸ்கூட்டரில் பழகுகிறேன்.
எனக்கு முழிப்பு வருகிற நேரம் அது.
பத்தொன்பது வருசம் பால்வெட்டு,
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு,
இதே இடத்தில்,
ரெண்டு ஆள் உயரம் கீழே.

அளக்க வந்தவர்கள்
மரத்துக்கு மரம் சிவப்பில் எண் போட்டார்கள்.
ரப்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு,
அயனி நாலு, கொல்லாமாவு ஒன்று,
கிணறு ஒன்று, வெள்ளம் உண்டு.
வெள்ளம் உண்டு என்பதற்குத் தனி விலை.
யேசுவடியான் முதலாளி கையெழுத்துப் போட்டார்.
சிரட்டைகளை அடுக்கிக்கொண்டு நின்ற என்னிடம்
'நீங்க யாரு?' என்றான் பேனாக்காரத் தம்பி.
வெட்டுக்காரி என்றேன்.
அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

குறையாகச் சொல்லவில்லை.
முதலாளி கேட்காமலே ஐயாயிரம் தந்தார்.
கத்தியையும் நீயே வச்சுக்கோ என்றார்.

ரீத்தாளுக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.
முதல் பஸ்ஸுக்கு அவளை விட்டுவிட்டு
வண்டியைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும்,
அதற்குத்தான் இந்தப் படிப்பு.
ரோடு திறந்தால்
களியக்காவிளை நெரிசலில் கிடக்கவேண்டாம்,
போக வர ஒரு மணி நேரம் மிச்சம் என்கிறாள்.
அந்த நேரத்தில் என்ன செய்வாய் என்றேன்.
'உறங்குவேன்.'

பின்னாலிருந்து கத்துகிறாள்:
'நேரே போங்க அக்கா,
இவ்வளவு அகல ரோட்டில
என்னத்துக்கு வளைச்சு வளைச்சு போறிய?'
நேரேதான் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.
பதினைந்து அடிக்கு ஒருதரம்
கை இடப்பக்கம் சாய்கிறது,
பிறகு வலப்பக்கம்.
நூற்றி நாற்பத்தேழு வரும் இடத்தில்
வேகம் தானாகக் குறைகிறது.
அது பட்டை காய்ந்த மரம், பால் தராது.
தொட்டுவிட்டுத்தான் தாண்டுவேன்.

பாலம் முடிகிற இடத்தில் தகர டிரம் வைத்திருக்கிறார்கள்.
காலை ஊன்றி வண்டியைத் திருப்பும்போது
வெளிச்சம் கால்வாயைத் தாண்டி விழுந்தது.
எல்லைக்கல்லுக்கு வெளியே தப்பிய மரங்கள்.
அவற்றுக்குள் யாருடையதோ ஒரு நெற்றிவிளக்கு.

டிம் அடித்தேன், ரெண்டு தடவை.
விளக்கு நின்று இந்தப் பக்கம் பார்த்தது.
பிறகு அடுத்த மரத்துக்குப் போனது.

'பஸ்ஸு போயிரும் அக்கா' என்றாள் ரீத்தாள்.